கடலோர வண்டிக்கு வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

கன்னியாகுமரி மாவட்டத்தில் ராஜாக்கமங்கலம் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் அலைச் சத்தம் கேட்கும். ஆளுக்குச் சுகம், வண்டிக்குக் கேடு. என் அத்தான் கடலை விட்டுத் தள்ளி, பூதப்பாண்டியில் இருக்கிறார். இரண்டு பேரும் ஒரே வருடம், ஒரே மாடல் கார் வாங்கினோம். ஆறாவது வருடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் குனிந்து பார்த்தோம். அவர் வண்டியின் அடிப்பாகம் கறுப்பாகவே இருந்தது. என்னுடையது செங்கல் நிறம்.

பனி பெய்கிற நாடுகளில் சாலை உறையாமல் இருக்க உப்பைத் தூவுவார்கள். அந்த உப்புச் சேறு தெறித்து வண்டிகள் அழுகும் என்பதால், குளிர்காலத்தில் வண்டி கழுவுவது அங்கே பெரிய பாடம். நமக்குப் பனி இல்லை. உப்பைக் கடலே அனுப்பிவைக்கிறது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று அலைநுரையைத் துகளாக்கி, நீரோடி, குளச்சல், முட்டம் என்று கரை முழுக்கத் தூவிக்கொண்டே வரும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. இரண்டு பருவமழையும் பெறுகிற மாவட்டம் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகப் படித்தோம். தகரம் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆடி மாதம் அடுக்களையில் உப்புப் பரணி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அதற்கு 33 சதவீதம் போதும். அதாவது, கடலோரத்தில் நிற்கும் வண்டியின் மேல் படிந்த உப்பு, வெயிலிலும் முழுதாகக் காய்வதில்லை. கையால் தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கும். கீழே சொல்லப்போகிற கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்தக் காயாத உப்பிலிருந்து வருபவை. எதைச் சரிசெய்யப் போனாலும், உப்பு எங்கே தங்கியிருக்கிறது என்று முதலில் தேடுங்கள்.

கழுவிய மறுநாளே வெள்ளை வெள்ளையாகப் புள்ளி

ஒரு புள்ளியை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள். உடனே போனால் அது உப்பு. போகாமல் விடாப்பிடியாக நின்றால், போர் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு.

உப்பு என்றால் உங்கள் தண்ணீரைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஒரு கண்ணாடித் துண்டில் ஒரு கரண்டி கிணற்றுத் தண்ணீரும், பக்கத்தில் ஒரு கரண்டி மழைத்தண்ணீரும் விட்டு வெயிலில் காயவையுங்கள். கிணற்றுத் தண்ணீர் இருந்த இடத்தில் வெள்ளை வட்டம் விழுந்தால் விஷயம் முடிந்தது. புத்தளம், சாமிதோப்பு, மணக்குடிப் பக்கம் உப்பளமே இருக்கிறது. அந்த வட்டாரத்துக் கிணற்றைக் குறை சொல்லி என்ன செய்ய?

இந்தச் சோதனையை நான் செய்தது இரண்டு வருடம் கழித்து. ஞாயிறு தவறாமல் எங்கள் கிணற்றுத் தண்ணீரால் கழுவிவிட்டு, அடிப்பாகம் ஏன் இப்படிப் போகிறது என்று டிங்கரிங் செய்யும் அண்ணனிடம் புலம்பினேன். அவர் என் கையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொடுத்து வாயில் ஊற்றிப் பார்க்கச் சொன்னார். பிறகு, “நம்ம ஊர்த் தண்ணி எப்பிடி இருக்கு? நீ உப்புத்தண்ணியில கழுவிட்டு உப்பு போகலைன்னா, அது எப்பிடிடே போகும்?” என்றார்.

இதற்கு வண்டி முழுக்க நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்பதில்லை. சேற்றையும் மணலையும் கிணற்றுத் தண்ணீரில் போக்கலாம். கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில், உடனே துடைத்துக் காயவிட வேண்டும். மேல்பாகத்துக்கு இரண்டு வாளி போதும். மொட்டை மாடி மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்தால் அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. ஆனால் கடலோர வீட்டில் மழை பிடித்த முதல் அரை மணி நேரம் ஓடிவருவது மாடியைக் கழுவிய உப்புத்தண்ணீர்தான். அதை விட்டுவிட்டுப் பிறகு பிடியுங்கள்.

சுண்ணாம்புப் புள்ளிக்குச் சமையல் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் தொட்டு ஒன்றிரண்டு நிமிடம் வைத்துத் துடைத்து, நிறைய தண்ணீர் விட்டு அலசவும். நிழலில், வண்டி சூடாக இல்லாதபோது செய்ய வேண்டும். பெயின்ட் பெயர்ந்து இரும்பு தெரிகிற இடத்தில் வினிகர் படக்கூடாது. மாதக்கணக்கில் விட்ட புள்ளி கண்ணாடியிலேயே பள்ளம் பறித்திருக்கும். அதற்குப் பாலிஷ்தான் வழி.

வெயிலில் பார்த்தால் வட்ட வட்டமாக நுண்கீறல்

கறுப்பு வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்து மனம் நொந்திருப்பார்கள். காரணம் துணியில் மாட்டிய மணல். எல்லா ஊரிலும் உள்ளதுதான், ஆனால் நம் ஊர் மணல் வேறு ரகம். மணவாளக்குறிச்சிக் கருமணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட் என்று தாதுக்கள் எல்லாம் இருக்கிறது. கார்னெட் என்பது சாண்ட் பேப்பரில் ஒட்டுகிற அதே கல். சிர்கானின் கடினம், கற்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் 7.5, சாதாரணக் கத்தியின் இரும்பு 5.5 பக்கம்தான் வரும். பெயின்டின் மேலே பளபளப்புக்காக அடிக்கும் கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான், ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை. மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த மணல் எதிலும் ஒட்டிக்கொண்டு போகும். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் நம் பக்கத்து மோனசைட்டைக் கண்டுபிடித்ததே, இங்கிருந்து போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலை வைத்துத்தான். கயிற்றில் ஏறி ஐரோப்பா போன மணல், உங்கள் துடைக்கும் துணியில் ஏறாதா?

ஆகவே காலையில் ‘சும்மா தூசி தட்டுகிறேன்’ என்று உலர்ந்த துண்டால் பானெட்டை வீசுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். நாம் கீறல் போடுவது பெரும்பாலும் அந்த இரண்டு நிமிடத்தில்தான். முதலில் தண்ணீர் மட்டும் அடித்து மணலை ஓடவிடுங்கள். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒரு பக்கம் தேய்த்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டே ஷாம்பு வாளிக்குப் போக வேண்டும். மேலிருந்து கீழே வாருங்கள். சக்கரத்துக்கு வேறு துணி. பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், முன்பு போட்ட மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும்.

விழுந்த கீறலுக்குப் பாலிஷ் போடலாம், ஆனால் ஒவ்வொரு பாலிஷும் அந்த 50 மைக்ரானில் கொஞ்சத்தைத் தின்னும். ஆண்டுதோறும் பளபளக்க வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கதவின் அடியில், சக்கர வளைவில் பெயின்ட் கொப்புளம்

கொப்புளத்தை விரலால் அழுத்துங்கள். மொறுமொறுவென்று உள்ளே நொறுங்கினால் துரு கீழிருந்து மேலே வந்திருக்கிறது. வெளியே பட்டாணி அளவு தெரிந்தால், உள்ளே அதைவிடப் பெரிதாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் சுற்றித் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்கும் இடம் நல்ல தகடு. மொத்தென்று கேட்டால் தகடு அரித்துவிட்டது.

கதவின் அடிவிளிம்பு என்றால் அங்கே தண்ணீர் நிற்கிறது. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு. அது வடிய அடியில் மூன்று நான்கு துளைகள் வைத்திருப்பார்கள். செம்மண் சேறு போய் அதை அடைத்துவிடும். ஓர் ஈர்க்கில் எடுத்து ஒவ்வொரு துளையையும் குத்திவிடுங்கள். கம்பி வேண்டாம், பெயின்ட் போகும். என் காரின் பின்கதவைக் குத்தியபோது அரை லிட்டருக்குக் குறையாமல் கொட்டியது. மழை விட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது!

கொப்புளத்துக்கு மருத்துவம்: பெயின்டைச் சுரண்டி, பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை உரசி, பள்ளத்தில் தங்கிய துருவுக்கு, அது மேலும் பரவாமல் தடுக்கும் ரஸ்ட் கன்வர்ட்டர் தடவி, காய்ந்ததும் எப்பாக்சி பிரைமர், அதற்கு மேல் பெயின்ட். உரசியதை அன்றே பிரைமரால் மூடிவிட வேண்டும். நம் காற்றில் ஒரு ராத்திரி விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். ஓட்டை விழுந்திருந்தால் தகடு வெட்டி வெல்டிங் வைப்பதே சரி. துருவின் மேலேயே பட்டி போட்டு, பெயின்ட் அடித்து, புதுசு மாதிரி கொடுக்கிற இடங்கள் உண்டு. அது அடுத்த கார்த்திகை வரைதான் தாங்கும். “பட்டி போடறதுக்கு முன்னால ஒரு வாட்டி கூப்பிடுங்கண்ணே, வந்து பாத்துக்கிடுதேன்” என்று சொல்லிவைத்தால் போதும், வேலை தானாகவே ஒழுங்காக நடக்கும்.

குனிந்து பார்த்தால் அடிப்பாகம் முழுக்கச் செம்பழுப்பு

முதலில் பயத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். சைலன்சர் குழாய், சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு, சஸ்பென்ஷன் கை போன்ற கனமான இரும்புகள் மேலோட்டமாகத் துருப்பிடிப்பது இங்கே சாதாரணம். கவலைப்பட வேண்டியது மூன்று இடங்களுக்கு: பிரேக் எண்ணெய் போகும் மெல்லிய குழாய், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடு, சஸ்பென்ஷன் உடலோடு சேரும் இடம். குழாயில் செதில் செதிலாகத் துரு உரிந்தால் உடனே மாற்றுங்கள். மற்ற இரண்டிலும் தட்டிப் பார்க்கும் சோதனை செய்து, மொத்தென்று கேட்டால் ஒர்க்‌ஷாப்.

கழுவும் முறைக்கு வருவோம். மழை மேல்பாகத்தைக் கழுவித் தருகிறது, அடிப்பாகத்தைக் கழுவுவதில்லை. சாலையில் தேங்கிய தண்ணீர் உப்பையும் சேற்றையும் சேர்த்து அங்கேதான் அப்புகிறது. ஆனி முதல் ஆவணி வரை கடலோரக்காரர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது அடியில் நல்ல தண்ணீர் அடிக்க வேண்டும். வாட்டர் சர்வீஸ் போக நேரமில்லையா? தோட்டத்துக்குப் போடும் ஸ்பிரிங்க்ளர் தலையை ஓஸில் மாட்டி, வண்டிக்கு அடியில் வைத்துப் பத்து நிமிடம் திறந்துவிடுங்கள். முன்னால் கொஞ்ச நேரம், நடுவில் கொஞ்ச நேரம், பின்னால் கொஞ்ச நேரம். கழுவியதும் அப்படியே ஷெட்டில் ஏற்றாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள், காய்ந்துவிடும்.

வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் டீசலோ பழைய கறுப்பு ஆயிலோ அடிப்பார்கள். பளபளவென்று இருக்கும். ஒரு வாரத்தில் அதன்மேல் மணல் ஒட்டும், ரப்பர் புஷ்களை அந்த எண்ணெய் ஊறவைத்துக் கெடுக்கும், வடிந்தது கிணற்றுக்குப் போகும். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கேட்காமலே அடித்துவிடுவார்கள்.

ரப்பர் போலக் கெட்டியாக அடிக்கும் அண்டர்பாடி கோட்டிங் புது வண்டிக்கு நல்லது. துரு தொடங்கிய வண்டிக்கு அடித்தால், உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்துத் தைத்தது மாதிரி. மேலே கறுப்பாக அழகாக இருக்கும். உரித்தால் தகடும் சேர்ந்து வரும். பழைய வண்டிக்கு மெழுகு அல்லது லானோலின் (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு) சேர்ந்த துருத்தடுப்பு எண்ணெய் மேல். அது பொந்துகளுக்குள் ஊர்ந்து போகும், ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப அடிக்கலாம். நான் வைகாசியில், காற்று தொடங்குவதற்கு முன் அடிக்கிறேன். எதை அடித்தாலும் அதற்கு முன் கழுவி ஒன்றிரண்டு நாள் நன்றாகக் காய வேண்டும். பிரேக்கிலும் சைலன்சரிலும் வடிதுளைகளிலும் படக்கூடாது.

காலையில் எடுத்ததும் பிரேக்கில் கரகரப்பு

பிரேக் டிஸ்க் பெயின்ட் இல்லாத வெறும் இரும்பு. ஒரு ராத்திரி ஈரத்தில் மஞ்சள் துரு படியும். நான்கைந்து முறை மெதுவாகப் பிரேக் பிடித்தால் போய்விடும். போகவில்லை என்றாலோ ஒரு பக்கம் இழுத்தாலோ, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சத்தம் போகட்டும் என்று டிஸ்க்கில் ஒரு சொட்டு எண்ணெய்கூட விடக்கூடாது.

சில நாள் நின்ற வண்டி நகராமல் பின்சக்கரம் இறுகியிருந்தால் ஹேண்ட் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மாறி மாறி மெல்ல அசைத்தால் ‘டக்’கென்று விடும். விடாவிட்டால் ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்க்காதீர்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அடுத்த முறை சமதரையில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்துங்கள்.

இருசக்கர வண்டி: செயின் இறுக்கம், சைலன்சர் ஓட்டை

செயின் கண்ணிகள் மடங்கியபடியே நின்றால் உப்பு உள்ளே போய்விட்டது. மண்ணெண்ணெய் தொட்ட பிரஷால் தேய்த்து, துடைத்து, காயவைத்து, செயினுக்கான மசகு எண்ணெய் (லூப்) அடிக்கவும். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பது பொதுவான கணக்கு. மழைக்காலத்தில் நனைந்த ஒவ்வொரு முறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரஷர் தண்ணீரைச் செயினிலும் சக்கர பேரிங்கிலும் நேராகக் காட்டினால், கிரீஸ் வெளியே போய்த் தண்ணீர் உள்ளே வரும்.

மீன் பெட்டி கட்டும் வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐஸ் உருகி வடிகிற மீன்தண்ணீர், பின் கேரியர், மட்கார்டு, செயின் என்று ஒரே பாதையில் தினமும் இறங்குகிறது. பெட்டிக்கு அடியில் நான்கு பக்கமும் விளிம்பு மடித்த பிளாஸ்டிக் தட்டு வைத்து, ஒரு மூலையில் டியூப் சொருகி, தண்ணீரைச் சக்கரத்துக்குப் பின்னால் விடுங்கள். வியாபாரம் முடிந்ததும் ஒரு குடம் நல்ல தண்ணீர், அந்தப் பாதையில் மட்டும்.

சைலன்சர் உள்ளிருந்து அழுகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. கோயிலுக்கும் கடைக்கும் ஒரு கிலோமீட்டர் மட்டும் ஓடும் ஸ்கூட்டரில் சைலன்சர் சூடாவதற்குள் வண்டி நின்றுவிடும், ஆவி உள்ளேயே தண்ணீராகத் தங்கும். வாரம் ஒருமுறை நாகர்கோவில் வரை ஒரு ஓட்டம் ஓட்டுங்கள். மாமியார் வீட்டுக்குப் போக இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

மழை விட்டதும் ஸ்டார்ட் ஆகவில்லை, அல்லது இடறுகிறது

புதிய ஸ்கூட்டர், பைக் என்றால் முதலில் சைடு ஸ்டாண்டைப் பாருங்கள். ஸ்டாண்ட் மேலே ஏறியதை அறியும் சுவிட்சில் மணல் மாட்டினால் இன்ஜின் எழாது. தண்ணீர் விட்டு, ஸ்டாண்டை நான்கைந்து முறை ஏற்றி இறக்குங்கள். இந்த ஒரு காரணத்துக்காகத் தள்ளிக்கொண்டு ஒர்க்‌ஷாப் போனவர்களை எண்ண முடியாது. அடுத்து ஸ்பார்க் பிளக் தொப்பி: கழற்றி, துடைத்து, உலர்த்தி மாட்டவும்.

செல்ஃப் போட்டால் ‘டிக் டிக்’ என்று மட்டும் கேட்டால் பேட்டரி முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு கரண்டி ஆப்ப சோடா கரைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்து, அலசித் துடைத்து, மாட்டிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள். நெகட்டிவைக் கடைசியாக மாட்ட வேண்டும். சோடாத் தண்ணீர் பேட்டரி மூடிக்குள் போகக்கூடாது.

இதெல்லாம் சரியாக இருந்து, வண்டி ஓடும்போது விக்கினால் பெட்ரோலில் தண்ணீர் இருக்கலாம். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது தண்ணீரை இழுத்து, அளவு மீறினால் பிரிந்து அடியில் தங்கும். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துச் சிறிது நேரம் வையுங்கள். கீழே தனி அடுக்கு தெரிந்தால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள். வெட்டவெளியில், பீடி சிகரெட் பக்கத்தில் இல்லாமல்.

காருக்குள் பூஞ்சை வாடை, மிதியடி ஈரம்

முன்னால் பயணி பக்கம் மட்டும் ஈரம், ஏசி போட்டபோது அதிகம் என்றால் ஏசித் தண்ணீர் வடியும் டியூப் அடைத்திருக்கிறது. ஈரம் நிறமாக, வழவழப்பாக இருந்தால் அது கூலன்ட், ஒர்க்‌ஷாப் வேலை. மழையின்போது மட்டும் ஈரமானால் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள கருப்பு பிளாஸ்டிக் ஜாலியைத் தூக்கிப் பாருங்கள். புளியமரத்தடியில் நிறுத்துபவர்களுக்கு அங்கே உரமே தயாராக இருக்கும். குலசேகரம், அருமனைக்காரர்களுக்கு டிசம்பர், ஜனவரியில் ரப்பர் இலை உதிரும்போது இதே வேலை.

வாடைக்கு வாசனை டப்பா தொங்கவிடுவது பயனில்லை. கேபின் ஃபில்டரை மாற்றி, மிதியடியை எடுத்து அடியிலுள்ள பஞ்சையும் காயவைத்து, இனிமேல் வீடு சேர மூன்று நான்கு நிமிடம் இருக்கும்போதே ஏசியை அணைத்து ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள்.

மலைப்பக்கம்: ரப்பர் பால் கறை

ஈரமாக இருந்தால் தண்ணீரே போதும். காய்ந்துவிட்டால் விரலால் உருட்டினால் பந்தாகச் சுருண்டு வரும். மிச்சத்துக்குத் துணியில் துளி மண்ணெண்ணெய், உடனே ஷாம்பு. ரப்பர் ஷீட்டுக்காகப் பாலை உறையவைக்கும் ஆசிட் கேன் டிக்கியில் சிந்தினால்தான் ஆபத்து. அது ஃபார்மிக் ஆசிட், பெயின்டையும் தகட்டையும் தின்னும். கையுறை போட்டு நிறைய தண்ணீர் விட்டு, ஆப்ப சோடாத் தண்ணீர் ஊற்றி, மறுபடி அலசுங்கள். கேனை ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் வைத்து ஏற்றினால் இந்தப் பாடு இல்லை.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2021 நவம்பரில் மாவட்டமே வெள்ளத்தில் கிடந்தபோது, தண்ணீர் வடிந்ததும் பலர் செய்த முதல் காரியம் சாவியைத் திருப்பியது. ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்கும் ஆசை யாருக்கும் இருக்கும். காற்றை அமுக்குகிற மாதிரி தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படி ஸ்டார்ட் செய்ததால் வந்த இன்ஜின் சேதத்தை வழக்கமான முழுக் காப்பீடு பெரும்பாலும் ஏற்பதில்லை, அதற்கு இன்ஜின் பாதுகாப்பு என்று தனி இணைப்பு எடுத்திருக்க வேண்டும்.

தண்ணீர் ஏறிய உயரத்தைக் கதவில் தெரியும் சேற்றுக்கோட்டோடு படம் எடுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். பால் கலந்த காப்பி மாதிரி இருந்தால் ஆயிலில் தண்ணீர். கட்டி இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஏறியது கடல் தண்ணீர் என்றால் இதைத் தள்ளிப்போடவே கூடாது: மின் இணைப்புகளைத் தவிர மற்றதை நல்ல தண்ணீரில் அன்றைக்கே அலச வேண்டும்.

கவர் போட்டும் கெடுகிறது

உப்புப் படிந்த வண்டிமேல் கவர் போட்டால், உள்ளே ஈரம் பூட்டிக்கொள்ளும். ஆரல்வாய்மொழிப் பக்கம் என்றால் காற்றில் கவர் படபடத்து மணலோடு சேர்த்துத் தேய்க்கும். கழுவிக் காய்ந்த வண்டிக்கு மட்டும், அடியில் வயிற்றோடு கட்டும் நாடா உள்ள கவராகப் பார்த்துப் போடுங்கள். என் வீட்டில் கவரை இப்போது நெல் காயவைக்க எடுத்துவிட்டார்கள். கார் ஓலைக் கொட்டகையில், மேற்குப் பக்கம் மட்டும் மறைப்பு கட்டி நிற்கிறது.